சம்மாட்டியாருக்குக் கரை மூடினோம், மச்சான்

எங்கிருந்தாலும் என் குரலைப் பிடித்துவிடும் என் ஆசை மச்சான் சூசைக்கு,

சம்மாட்டியார் செத்துப்போனார்.

அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் "உன்ரை முன்னுரை முடியிறதுக்குள்ளை நான் இன்னொருக்காச் செத்துப்போவன் மச்சான்" என்று நக்கலடிப்பாய். போன கிழமை, காலைத் தேத்தண்ணீர் கையில் இருக்க, சாய்மனைக் கதிரையிலேயே தலை சரிந்ததாம். நோகாமல் போய்விட்டார். கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இந்த மனுஷனுக்கு ஏன் இவ்வளவு லேசான சாவு என்பதுதான். நல்ல நினைப்பில்லை. அதற்காக உன்னிடம் வேறு மாதிரிச் சொல்ல முடியுமா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். நீ செத்தபோது உன் பெயர் எதிலும் வரவில்லை. இப்போது அவருடைய படம் அரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது, சால்வையும் சிரிப்புமாக. அதனால் உன்னைப் பற்றியும் நாலு பேர் வாசிக்கட்டும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையும் இடையில் சொல்ல வேண்டிவரும். பொறுத்துக்கொள்.

எங்கள் கரையில் கோயில் பெருநாளுக்கு ஆடுகிற கூத்தில் அரசன் ஒருவன்தான், ஆடுபவர்கள் இருவர். விடிய விடிய ஒரே தொண்டை தாங்காது. சிம்மாசனம் ஏறி, கிறிஸ்தவ வேதக்காரரைப் பிடித்துச் சிறையில் போட்டு, "ஆரடா எனக்கு நிகர்" என்று கொக்கரிக்கிறவன் முன்னரசன். அது நான். விடியப்புறம், படை ஓடி, மந்திரி ஓடி, பெண்சாதியும் கைவிட்டுப்போக, தனியே நின்று புலம்பி விழுகிறவன் பின்னரசன். அது நீ. "நீ செய்யிற பாவத்துக்கெல்லாம் நானெல்லோ மச்சான் அழவேண்டிக் கிடக்கு" என்று ஒவ்வொரு வருஷமும் முகத்துக்குப் பூச்சுப் பூசும்போது சொல்லுவாய்.

பின்னரசன் விழுவதற்கு முன் முடி இறக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கி வந்து, தலையில் இருக்கிற கிரீடத்தைக் கழற்றி, முன்வரிசையில் இருக்கும் ஒருவர் மடியில் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு திரும்பி ஏறிச் சாக வேண்டும். விழப்போகிறவன் முடி யார் மடியில் ஏறுகிறதோ அவருக்குப் பீடை என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஆகவே எப்போதும் அது கோயில் சுவாமியாரின் மடிக்குத்தான் போகும். "சுவாமிக்கு வள்ளமுமில்லை வலையுமில்லை, பிள்ளையுமில்லை குட்டியுமில்லை. பீடை வந்து எதிலை ஏறிறது?" என்று வயதுபோனவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சுவாமியாரும் சிரித்துக்கொண்டே வாங்குவார். அவருக்கென்று முன்வரிசை நடுவில் கைவைத்த பெரிய கதிரை ஒன்று போட்டிருக்கும்.

அதற்குப் பக்கத்துக் கதிரை சம்மாட்டியாருடையது. சம்மாட்டி என்றால் படகும் வலையும் வைத்து ஆட்களை அனுப்பித் தொழில் செய்விக்கிறவர். எங்கள் கரையில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும், எனக்கு மீசை முளைக்கிறதுக்கு முந்தியே அவர்தான் தலைவர். யார் எந்த இடத்தில் வலை போடுவது, யாருடைய படகை எந்தக் கட்டையில் கட்டுவது, யாருடைய மகளுக்கு எந்த வீட்டு மாப்பிள்ளை என்பது வரை அவர் தலை அசைய வேண்டும். அசையாவிட்டால் அசையாததுதான்.

அந்த வருஷம் விடியற் பூசைக்கு ஆயத்தம் செய்யச் சுவாமியார் எழும்பிப் போய்விட்டார். கதிரை வெறுமையாகக் கிடந்தது. சம்மாட்டியார் மெல்ல எழும்பி, சால்வையை ஒதுக்கிக்கொண்டு, அதில் போய் இருந்தார். கால் நீட்ட வசதி என்று நினைத்தாரோ, ஊரில் தான் இருந்து பார்க்காத கதிரை அது ஒன்றுதான் என்று நினைத்தாரோ, யாருக்குத் தெரியும்?

நீ முடி இறக்க வந்தாய். பூச்சு வியர்வையில் வழிந்து கண்ணுக்குள் போயிருந்தது. பாடிக்கொண்டே வந்து, அந்தக் கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டு, முடியைக் கழற்றி அவர் மடியில் வைத்தாய். வைத்துவிட்டுத் திரும்பியும் பாராமல் போய் மேடை ஏறினாய்.

பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல்: "ஐயோ, சம்மாட்டியிலை பீடை ஏறிட்டுதடி!" சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. கிழவர்கள் வெற்றிலைச் சாறு சிந்தச் சிரித்தார்கள். அவருடைய சொந்தத் தம்பியே சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். மத்தளக்காரர் தாளத்தை விட்டுவிட்டார். நீ மட்டும் விடாமல் பாடினாய்.

*ஆளில்லாச் சபையிலே ஆணையிட்டேன் ஆருக்கோ,
வாளில்லாக் கையிரண்டும் வணங்குவதும் ஆரையோ.*

அந்தச் சிரிப்பில் உன் பாட்டு ஒருவர் காதிலும் விழவில்லை. நீ பாடி முடித்து, விழுந்து, செத்தாய். சம்மாட்டியார் முடியை மடியில் வைத்துக்கொண்டு, எழும்பவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் இருந்தார்.

வேண்டுமென்றுதான் செய்தாயா, சூசை? அன்று கிணற்றடியில் முகம் கழுவும்போதே கேட்டேன். "நான் ஆளைப் பாக்கேல்லை மச்சான். கதிரைக்குத்தான் வைச்சனான்" என்றாய். முகத்தில் சவர்க்கார நுரை. கண் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்த ஒரு வசனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அவர் அடுத்த நாளே சங்கத்தைக் கூட்டினார். கூத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ தடைசெய்த வலை பாவித்தாய் என்றார். உன்னிடம் என்ன வலை இருந்தது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வாயில் கொழுக்கட்டை வைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் எழும்பினேன். "முன்னரசன் மேடையிலை கதைச்சாக் காணும். இரும்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. முதல் நாள் அவரைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான்.

உனக்குக் கரை மறித்தார்கள். எங்கள் கரையில் கொலைகாரனுக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. உன் படகு எங்கள் கட்டையில் நிற்கக்கூடாது, உன் மீனை எங்கள் சந்தையில் ஏலம் கூறக்கூடாது. அந்தக் கட்டளையை வீடு வீடாகக் கொண்டுபோனவன் டொமினிக். சம்மாட்டியாருக்கு வெயிலிலும் மழையிலும் குடை பிடிப்பதே அவனுக்கு உத்தியோகம். இவனை ஞாபகம் வைத்திரு, பிறகு வருகிறான்.

நீ காங்கேசன்துறைப் பக்கம் போய் யாரோ ஒருவருடைய படகில் கூலிக்கு ஏறினாய். நாங்கள் பிறந்து வளர்ந்தது பரவைக்கடல்; இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து நடந்து வலை போட்டவர்கள். வடக்குக் கடல் வேறு சாதி. "போகாதை அண்ணை" என்று உன் தங்கச்சி, என் மனுசி றீற்றா, உன் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கடலெல்லாம் உப்புத்தான் பிள்ளை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அந்த மாரியிலேயே வாடைக்காற்றில் படகு புரண்டது. மற்றவர்களைக் கடல் திருப்பித் தந்தது. உன்னையும் தந்தது, ஆனால் உயிரை எடுத்துக்கொண்டு.

எங்கள் கரையில் ஒரு தொழிலாளி செத்தால் கரை மூடுவோம். சங்கக் கம்பத்தில் கறுப்புக் கொடி ஏறும். பெட்டி சேமக்காலைக்குப் போய் மண் போடும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. சண்டைக்காலத்தில், குண்டு விழுந்த நாட்களிலும் அது தவறியதில்லை. உனக்குத்தான் தவறியது. "அவன் எங்கடை கரை ஆளில்லை. இண்டைக்குத் தொழிலுக்குப் போகாத படகு நாளைக்கும் போகாது" என்று சம்மாட்டியார் சொல்லியனுப்பினார். அதையும் வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் டொமினிக்.

எல்லோரும் போனார்கள், மச்சான். உன் பெட்டியை வாசல் படலையால் வெளியே எடுக்கும்போது கரைப்பக்கம் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. சுவாமியார் செபம் சொல்லுகிறார், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. றீற்றா அழுதாள், அதுவும் கேட்கவில்லை. அவள் அன்றைக்குப் பிறகு என்னோடு கடற்கரைக்கு வருவதை விட்டுவிட்டாள். எஞ்சின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் குசினிக் கதவைச் சாத்துகிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சேமக்காலையில் குழிக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆட்கள் நின்றார்கள். நனைந்த சாரம், காலில் சேறு, உடம்பெல்லாம் மீன் மணம். வலையைப் போட்டதும் போடாததுமாகத் திரும்பி வந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. கோழைகள்தான். ஆனாலும் வந்தார்கள், வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு கூத்தின் கடைசிக் கட்டமும் போய்விட்டது. "இப்பத்தைச் சனத்துக்கு விடிய விடிய இருக்க ஏலாது, சுருக்குங்கோ" என்று சம்மாட்டியார் சொன்னாராம். எங்கே சுருக்கினார்கள் தெரியுமா? அரசன் சிம்மாசனத்தில் இருந்து கொக்கரிக்கிற இடத்தில் மங்களம் பாடி முடித்துவிட்டார்கள். நான் ஆட மறுத்தேன். என் இடத்தில் வேறொருவனைப் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கதை அப்படித்தான் முடிகிறது என்று நினைத்து வளர்ந்துவிட்டார்கள். கொடியவன் ஜெயித்தான், எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுங்கோ. இதுவா வேதக் கூத்து?

இனி உனக்குத் தெரியாத செய்திக்கு வருகிறேன்.

நாட்டில் எரிபொருள் இல்லாமல், எண்ணெய்க் கான்களை வரிசையில் அடுக்கிவைத்துவிட்டு நாங்கள் பகல் முழுக்கக் காவல் கிடந்த காலம் ஒன்று வந்தது. கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்ததை எல்லோரும் போனில் பார்த்தோம். ஆண்டவர்கள் ஓடினார்கள். சம்மாட்டியாரும் பார்த்தார். "உவங்களுக்கு ஆளத் தெரியாது" என்றார். கேட்டுக்கொண்டு நின்ற எங்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவரைக் கவிழ்த்தது வேறொன்று. எங்கள் பரவைக்கடலில் வெளியாட்கள் கடலட்டைப் பண்ணை போட ஒருவரையும் கேட்காமல் தலையாட்டிவிட்டார். விடிந்து பார்த்தால் நாங்கள் நடந்து வலை போடுகிற இடத்தில் கம்பும் வேலியும். இறால் பிடிக்கிற பெண்கள்தான் முதலில் கிளம்பினார்கள். சங்கக் கூட்டத்துக்கு அவர்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, உள்ளே "தலைவரை மாத்த வேணும் எண்டிறவை கையைத் தூக்குங்கோ" என்று ஒரு குரல். யாருடைய குரல் என்று நினைக்கிறாய்? டொமினிக்.

எல்லாக் கையும் எழும்பியது. நானும் தூக்கினேன். இந்த நாளுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன்! இடி இடிக்கும், மத்தளம் முழங்கும், அந்த மனுஷன் எழும்பி உன்னைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லுவார் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. ஒன்றுமில்லை. "சரி" என்றார். சால்வையை உதறித் தோளில் போட்டார். வாசலுக்கு வந்து, மழை தூறிக்கொண்டிருந்ததால் பழக்கத்தில் கையைப் பக்கவாட்டில் நீட்டிக் குடைக்காக நின்றார். குடைக்காரன் உள்ளே தலைவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர் நீட்டிய கையை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டு போனார்.

கூத்தாக இருந்தால் அதோடு பண்ணை வேலியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே வேலி இன்னும் நிற்கிறது. "பாப்பம், பேந்து கதைப்பம்" என்கிறான் டொமினிக். அவனுக்கு இப்போது குடை பிடிக்க வேறொருவன் இருக்கிறான். இதுதான் நீ கேட்க ஆசைப்பட்ட கொடியவன் வீழ்ச்சி. கேட்டுக்கொள்.

பிறகு சம்மாட்டியாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மனுசி முந்தியே போய்விட்டாள். மகன் றொபேட் கனடாவில். சம்பளத்துக்கு நின்று பார்க்க ஒரு பெண். அவள் ஒருநாள் எங்கள் படலையில் வந்து, "ஐயா உங்களை ஒருக்கால் வரட்டாம்" என்றாள். போகவேண்டிய தேவை எனக்கில்லை. ஆனாலும் போனேன். எப்படிக் கிடக்கிறார் என்று பார்க்கத்தான் போனேன். அதையும் மறைக்கவில்லை.

பெரிய விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு மட்டும் தெளிவு. சுகம் கேட்கவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

"உந்தக் கடைசிக் கட்டம்," என்றார். "அரசன் என்ன சொல்லிப்போட்டு விழுறவன்?"

"எந்தக் கட்டம்?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"சூசை பாடினது. அண்டைக்குச் சனம் சிரிச்சதுதான் எனக்குக் கேட்டது. பாட்டுக் கேக்கேல்லை. உனக்கு மனப்பாடம்தானே. ஒருக்காச் சொல்லு."

உன் பெயரை அவர் வாயில் அன்றுதான் முதல் முறை கேட்டேன், மச்சான். அந்தப் பாட்டு எனக்கு ஒரு எழுத்துப் பிழையில்லாமல் தெரியும். நீ பழகும்போது தாளம் போட்டவன் நானல்லவா?

"அது பின்னரசன்ரை பாட்டு," என்றேன். "நான் முன்னரசன். உங்களுக்குப் பாடவேண்டியவனை நீங்கள்தானே வேறை கடலுக்கு அனுப்பினியள்."

அவர் கோபிக்கவில்லை. "அப்ப எனக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது றீற்றா சோற்றைப் போட்டபடி, "பாடியிருக்கலாம்" என்றாள். "என்ன கதை கதைக்கிறாய்? உன்ரை அண்ணையைக் கொண்டவன்" என்று கத்தினேன். "அதுக்குத்தான் பாடியிருக்கலாம் எண்டுறன்" என்றாள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் பாடியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் போன கிழமை அவர் போனது. செய்தி வந்து கொஞ்ச நேரத்தில் கனடாவில் இருந்து மகன் றொபேட் எனக்குப் போன் எடுத்தான். "அங்கிள், எனக்கு உடனை வர ஏலாது, லீவு இல்லை. செத்தவீடு லைவ்விலை போகுது. இஞ்சை சொந்தக்காரர் எல்லாரும் பாப்பினம். சனம் இல்லாட்டி மரியாதை இல்லை. கரையை மூடச் சொல்லுங்கோ அங்கிள், அப்பத்தான் சனம் வரும்." உனக்கு மறுத்த கரையை அவருக்கு மூடும்படி என்னிடம் கேட்கிறான். அவனுக்கு அந்தக் கதையே தெரியாது என்று நினைக்கிறேன்.

பின்னேரம் கரையில் மீன் வாடிக்கு முன்னால் எல்லோரும் கூடினோம். டொமினிக் நடுவில் நின்று முழங்கினான். "அவர் சூசைக்கு மூடினவரோ? இல்லை. அப்ப நாங்கள் ஏன் மூட வேணும்? நாளைக்குப் படகு எல்லாம் இறங்கும்!" உன் சாவுக்குக் கரையைத் திறக்கச் சொல்லி வீடு வீடாகப் போன அதே வாய், இப்போது உனக்காக நியாயம் கேட்கிறது. சனம் ஓம் ஓம் என்றது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மரியதாஸ், நீ சொல்லு. உன்ரை மச்சான். நீ சொன்னா முடிஞ்சுது."

சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? படகெல்லாம் இறங்கட்டும், அந்த வீட்டு ஓடு அதிர எஞ்சின் உறுமட்டும், அவருக்காகச் சொல்லுகிற செபம் ஒருவருக்கும் கேட்கக்கூடாது. வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் இருந்து றீற்றா வந்தாள். இத்தனை வருஷமாகக் கடற்கரைக்கு வராதவள், வீட்டுச் சட்டையோடு, கையில் அகப்பையோடு வந்து நின்றாள்.

"மூடுங்கோ" என்றாள்.

"றீற்றாக்கா, உங்கடை அண்ணைக்கு..." என்று டொமினிக் தொடங்கினான்.

"என்ரை அண்ணையைப் பற்றி நீ கதையாதை. மூடுங்கோ எண்டுறன். அண்ணை செத்தண்டு தொழில் எண்டு உங்களுக்கு ஒரு சாட்டு இருந்தது. நாளைக்கு உங்களுக்கு ஒரு சாட்டும் இருக்கக்கூடாது. கரையை மூடிப்போட்டு இருங்கோ. ஆர் அந்த வீட்டுக்குப் போகினம், ஆர் போகேல்லை எண்டு அந்த மனுஷன் பெட்டிக்குள்ளை கிடந்து பாக்கட்டும்."

கறுப்புக் கொடி ஏறியது.

அடுத்த நாள் கரை அப்படி ஒரு அமைதி. காகம் கத்துவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது. உனக்கு வரவேண்டியிருந்த அமைதி அது, சூசை. நான் வாடிக்குள் இருந்து கிழியாத வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வீட்டில் கிடந்து நித்திரை கொண்டார்கள், வேலி கட்டினார்கள், ரிவி பார்த்தார்கள். அந்த வீட்டுப் பக்கம் ஒரு சைக்கிளும் திரும்பவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. ஏன் அது?

மத்தியானம் சாய றீற்றாவின் போன் வந்தது. அவள் காலையிலேயே அங்கே போய்விட்டாள்; எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கேளுங்கோ," என்றாள் தாழ்ந்த குரலில். "கதிரை எல்லாம் சும்மா கிடக்கு. நானும் வேலைக்கு நிண்ட பிள்ளையும்தான். கமராக்காரன் எங்கை திருப்பிறதெண்டு தெரியாமல் பெட்டியையே எடுத்துக்கொண்டு நிக்கிறான். சுவாமியார் வந்திட்டார். தூக்க ஆள் இல்லை. வாறியளோ?"

"மாட்டன்."

"சரி. அப்ப நான் ஒரு பக்கம் பிடிக்கிறன்" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

பிடிக்கிறவள்தான் அவள். உனக்குத் தெரியாதா? வலையை எறிந்துவிட்டு எழும்பினேன். நேரே டொமினிக் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து கிடந்தான். "எழும்படா," என்றேன். "எனக்கேன்?" என்றான். "குடை பிடிச்ச கைதானே, பெட்டியையும் பிடிக்கட்டும். எழும்பு." என் முகத்தில் என்ன கண்டானோ, சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். போகிற வழியில் இன்னும் இரண்டு பேரை அவரவர் வாசலில் நின்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்லுகிற சொல்.

அப்படித்தான் சம்மாட்டியாரைத் தூக்கினோம். முன்னால் நானும் டொமினிக்கும். வழியெல்லாம் படலைகள் திறந்திருந்தன, ஆட்கள் நின்று பார்த்தார்கள், ஒருவரும் இறங்கி வரவில்லை. றீற்றா பெட்டிக்குப் பின்னால் தனியாகச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாரத்தில் என் தோள் கன்றிப்போய் இன்னும் நோகிறது.

குழி உன் வரிசையிலேயே வெட்டியிருந்தார்கள். வேறு இடமில்லையாம். நான் கோவிற்காப்பாளரோடு சண்டைக்குப் போகப் பார்த்தேன்; றீற்றா என் கையைப் பிடித்தாள். மண் போட்டு முடிந்து எல்லோரும் போன பிறகு, உன்னருகில் கொஞ்ச நேரம் இருந்தேன். உனக்குக் கேட்டிருக்கும், நான் அழுதது. அவருக்காக இல்லை.

ஆகவே கோவிக்காதே, மச்சான். தோள் கொடுத்தேன், மன்னிக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று சுவாமியார் நினைக்கிறார். என் முதுகில் தட்டி, "பெரிய மனசு" என்றார். எனக்கு அப்படியொரு மனசு இல்லை. றீற்றாவிடம் இருக்கிறதோ என்னவோ, அவளும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கரையை மறித்தது உனக்கு, போனது உன் உயிர். மன்னிக்கிறதென்றால் அது உன் உரிமை. நான் எடுத்துக் கொடுக்க அது என் வீட்டுப் பொருளா?

இப்போது அவர் உனக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறார். வந்து கேட்டால் கொடு, கொடுக்காமல் விடு. நீ கொடுத்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும்வரை நான் கொடுக்க மாட்டேன். ஊர் என்ன சொன்னாலும், சுவாமியார் என்ன சொன்னாலும், உன் தங்கச்சியே சொன்னாலும். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டி, உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட
உன் மச்சான்
மரியதாஸ்